காறாத எண்ணெய்

நெய் என்று யார் சொன்னது? மருதாத்தாள்தானே? என் எதிரில் நின்று சொல்லட்டும், பார்க்கலாம். என் மருமகள் பிரியா அன்றைக்குக் கையில் தூக்கிக்கொண்டு போன கேனில் நெய் இல்லை. நகையும் இல்லை. எண்ணெய்தான் இருந்தது. தாளிக்கவும் ஆகாத, விளக்கேற்றவும் ஆகாத எண்ணெய். அதை ஊருக்குள் வைத்திருக்கக் கூடாது என்றுதான் அவள் கொண்டுபோனாள். இதைப் பால் சொசைட்டியில் எல்லோரும் கேட்கச் சொல்லிவிட்டேன். இப்போது டின்சி எழுதட்டும் என்று மறுபடியும் சொல்கிறேன். டின்சி எங்கள் தெருவில் வீடு வீடாகப் பிளாஸ்டிக் எடுக்க வருகிற பெண். சாக்கை வாசலில் வைத்துவிட்டு உட்கார்ந்திருக்கிறாள். எனக்கு எழுத்து தெரியாது. வாய் இருக்கிறது.

சொசைட்டி வரிசையில் மருதாத்தாள் எனக்கு முன்னால் நின்றிருந்தாள். அடுத்த வீட்டுக்காரி. நடுவில் வேலி இருக்கிறது என்று பேர், அவள் காது எப்போதும் வேலிக்கு இந்தப் பக்கம்தான்.

“ஏனுங் பூவாத்தக்கா, மருமக கப்பல் ஏறீட்டாளாமா?”

“ஏறீட்டா. உனக்கும் ஒரு டிக்கெட் வேணுமா?”

“எனக்கெதுக்குங்க? ஜீப்புல ஏறறப்பவே முன்னால ஒரு ஆம்பள உக்காந்திருந்தானேன்னு கேட்டேன்.”

“ஜீப்பு தானாவா ஓடும்? ஓட்டறதுக்கு ஆளு வேணுமல்லோ.”

பின்னால் நின்றவர்கள் சிரித்தார்கள். அவளுக்கு அது பொறுக்கவில்லை. “சிரிங்க, சிரிங்க. ரெண்டு வயசுப் புள்ளையை விட்டுட்டுப் போனவ நெய்க் கேனை மட்டும் மறக்காம எடுத்துட்டுப் போயிருக்கறா.”

“என்ற ஊட்ல இருக்கறது ஒத்த மாடு. கறக்கற பாலை இங்கதான் கொண்டாந்து ஊத்தறேன். நெய்யி எங்கிருந்து வந்துச்சு? உன்ற ஊட்டு அடுப்படியில இருந்தா?”

பால் அளக்கிறவரே சிரித்துவிட்டார். மருதாத்தாள் பாத்திரத்தை எடுத்துக்கொண்டு கிளம்பினாள். நாலடி போய்த் திரும்பி ஒன்று சொன்னாள். “நெய்யோ எண்ணெயோ, கையில அதை வெச்சுட்டு வாசலைத் தாண்டினா. எதிர்ல நீங்க வேற போனீங்க. அப்படிப் போனவ திரும்பி வர்றதுக்கா?”

நான் தாலி இழந்தவள். எண்ணெயும் கைம்பெண்ணும் எதிரே வந்தால் போகிற காரியம் விளங்காது என்பது எங்கள் பக்கத்துப் பேச்சு. அதைத்தான் குத்திக் காட்டினாள். நான் ஏன் எதிரே போனேன் என்பது அவளுக்கு நன்றாகவே தெரியும். சொல்கிறேன், எல்லாவற்றையும் சொல்கிறேன்.

பிரியாவின் முழுப்பேர் செல்வப்பிரியா. கோபாலபுரம் செக்போஸ்ட் தாண்டி உள்ளே ஒரு தோட்டத்து வீடு. தகப்பனுக்குத் தென்னை. பொள்ளாச்சியில் படித்தாள், பிறகு கொச்சியில் படித்தாள், அங்கேயே ஓர் ஆராய்ச்சிக் கூடத்தில் வேலை. பெண் பார்க்கப் போனபோது தரகர் “கடல் சம்பந்தப்பட்ட வேலை” என்று மட்டும் சொன்னார். மீன் ஏற்றுமதிக் கம்பெனி என்று நினைத்துக்கொண்டேன். என் மகன் பூபதிராஜா கஞ்சிக்கோட்டு ஆலை ஒன்றில் லேத் ஓட்டுகிறவன். கடலைப் பற்றி அவனுக்கென்ன தெரியும்? பெண்ணைப் பிடித்திருந்தது, சரி என்றுவிட்டான்.

வாரம் முழுக்கக் கொச்சியில் இருப்பாள். சனிக்கிழமை ரயிலில் பாலக்காடு வந்து அங்கிருந்து பஸ். ஒரு சனிக்கிழமை அவள் வாசலில் கால் வைப்பதற்கு முன்பே வாடை வந்துவிட்டது. மாடு மிரண்டு கட்டுத்தறியைச் சுற்றியது. “அத்தே, கிட்ட வராதீங்க, தண்ணி மட்டும் காய வெச்சுக் குடுங்க” என்றாள். ஏதோ ஒரு கடற்கரையில் செத்து ஒதுங்கின திமிங்கலத்தின் கொழுப்பை அறுத்து எடுத்துவிட்டு நேராக வந்திருக்கிறாள். சோப்புக்குப் போகவில்லை, ஷாம்புக்குப் போகவில்லை. கடைசியில் நான் அரப்புத் தூளைக் கரைத்து, கிணற்றடியில் உட்கார வைத்துத் தலையைத் தேய்த்துவிட்டேன். வேலிக்கு அந்தப் பக்கத்திலிருந்து மருதாத்தாள் எட்டிப் பார்த்தாள்.

“எந்தப் பொணத்தை அறுத்துட்டு வந்தா?”

தலை முழுக்க அரப்போடு பிரியா நிமிர்ந்து, “திமிங்கலமுங்க. பாவம், வயசு கூட ஆகலைங்க” என்றாள். கேட்டவள் தலையை வேலிக்குக் கீழே இழுத்துக்கொண்டாள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அன்றைக்குத்தான் இவள் நம் வீட்டுப் பெண் என்று எனக்குத் தோன்றியது.

ஊரில் “பொணம் அறுக்கறவ” என்ற பேர் அப்போதே விழுந்துவிட்டது. அவள் கண்டுகொள்ளவில்லை. நான் கண்டுகொண்டேன். அதனால் தெருவில் ரெண்டு வீட்டோடு எனக்குப் பேச்சில்லை. அது கிடக்கட்டும்.

குழந்தை பிறந்தது. தன்ஷிகா என்று பேர் வைத்தார்கள். என் வாயில் நுழையாது, நான் தங்கம் என்றே கூப்பிடுகிறேன். பிரியா வேலைக்கு லீவு போட்டுவிட்டு இங்கே வந்துவிட்டாள். பிள்ளை பெற்றவளுக்கு எண்ணெய் தேய்த்து வெந்நீர் ஊற்றுவதில் மருதாத்தாளை மிஞ்ச எங்கள் ஊரில் ஆள் கிடையாது. அதை நான் ஒத்துக்கொள்கிறேன். கூப்பிட்டேன், வந்தாள். வந்தவள் தன் இடுப்பிலிருந்து ஒரு சின்னச் சீசாவை எடுத்தாள்.

அந்த எண்ணெயைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். என் வீட்டுக்காரர் செங்கோட்டையன் கஞ்சிக்கோட்டுப் பக்கம் ஒரு பழைய இரும்புக் கிடங்கில் காவலுக்கு இருந்தார். கழித்துப் போட்ட டிரான்ஸ்பார்மர்களை அங்கே உடைப்பார்கள். உள்ளே இருக்கிற எண்ணெயை யாரும் கேட்கமாட்டார்கள். அவர் ரெண்டு கேன் பிடித்து வந்து மாட்டுக்கொட்டகைப் பரணில் வைத்தார். முட்டி வலி, தோள் வலி என்று தெருவில் யார் வந்தாலும் ஒரு சீசா ஊற்றிக் கொடுப்பார். கற்பூரம் போட்டு லேசாகச் சூடு காட்டித் தேய்க்க வேண்டும். கரண்டு ஓடின எண்ணெய், நரம்புக்குள் புகுந்து வேலை செய்யும் என்று சொல்வார்கள். அவர் போன பிறகும் எண்ணெய் இருந்தது. அவர் பேரைச் சொல்லி வாங்கிப் போனார்கள். வலி போனதா என்று கேட்டால், தேய்த்த அன்றைக்குப் போகும்.

மருதாத்தாள் சீசாவைத் திறந்ததும் பிரியா மூக்கைத் திருப்பினாள்.

“என்ன எண்ணெயிங்க அது?”

“உம்பட மாமனார் கொண்டாந்து வெச்சதுதான் கண்ணு. அவரு போயி எத்தனை வருசமாச்சு? எண்ணெயைப் பாரு. ஒரு காறல் உண்டா? எறும்பு ஏறுதா? தேங்காயெண்ணெயை இப்படி வெச்சுப் பாரு, ஒரு மழைக்குத் தாங்குமா? இதை இடுப்புக்குப் போட்டா எலும்பு சேந்துக்கும்.”

பிரியா பலகையிலிருந்து எழுந்துவிட்டாள். “வேண்டாமுங்க. அதை மூடுங்க. கையை நல்லாச் சோப்புப் போட்டுக் கழுவுங்க.” சொன்னதோடு விடாமல் சோப்பையும் எடுத்து நீட்டினாள்.

எங்கள் ஊரில் எண்ணெய் தேய்க்க வந்தவளிடம் யாரும் சோப்பு நீட்டமாட்டார்கள். தேய்த்து முடித்த கைக்கு வெற்றிலை பாக்கு வைப்போம். தேய்ப்பதற்கு முன்பே கையைக் கழுவு என்றால் அதற்கு ஒரே அர்த்தம்தான்.

“ஏங்கண்ணு, என்ற கையி தீட்டா?” என்று மருதாத்தாள் கேட்டாள். குரல் இறங்கிப் போயிருந்தது.

“ஐயோ, அப்படி இல்லீங்க—”

“பொணம் அறுக்கற கையி உனக்குச் சுத்தம். பத்து ஊட்டுப் புள்ளைக்குத் தேச்ச கையி தீட்டு.”

சீசாவை அங்கேயே வைத்துவிட்டுப் போய்விட்டாள். அவள் கோபத்தில் நியாயம் இல்லை என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் அன்றைக்கு நீட்டிய சோப்புக்கு இன்றைக்கு வரைக்கும் பழி தீர்த்துக்கொண்டிருக்கிறாளே, அதைத்தான் சொல்கிறேன்.

நானும் பிரியாவைத் திட்டினேன். “உம்பட மாமனார் வெச்சிட்டுப் போனதை எதுக்கு எறிஞ்சு பேசற?” என்று கேட்டேன். அவள் குழந்தைக்குப் பால் கொடுத்துக்கொண்டே சொன்னாள்.

“அத்தே, சொசைட்டியில நம்ம பாலுக்குக் கொழுப்புப் பாக்கறாங்கல்லங்க?”

“பாப்பாங்க. அதுக்கென்ன?”

“அந்தக் கொழுப்புலதானுங்க இது போய் உக்காரும். பழைய டிரான்ஸ்பார்மர் எண்ணெயில ஒரு மருந்து கலந்திருப்பாங்க. எத்தனை சூடானாலும் கெடாது, எத்தனை வருசமானாலும் கெடாது. மருதாத்தாக்கா காறலே இல்லைன்னு சொன்னாங்கல்ல, அதேதானுங்க அதுல இருக்கற கேடு. மண்ணுல விழுந்தா மக்காது. மழை அடிச்சா ஆத்துக்குப் போகும். ஆறு பொன்னானியில கடலுக்குப் போகும். புழு தின்னு, புழுவை மீன் தின்னு, மீனை இன்னொரு மீன் தின்னு, கடைசியில திமிங்கலத்துக்கிட்டப் போய்ச் சேரும். அதுக்குத் தோலுக்கு அடியில சாண் கணக்குல கொழுப்பு. உள்ள போனது போனதுதான். வேர்வையிலயும் போகாது, ஒண்ணுக்கிலயும் போகாது.”

“அப்பறம் எதுலதான் போகும்?”

அவள் மடியில் கிடந்த குழந்தையைப் பார்த்தாள். “பால்லங்க. ஆண் திமிங்கலத்துக்குச் சாகற வரைக்கும் சேந்துக்கிட்டேதான் இருக்கும். பொட்டைக்குக் குறையும். ஏன்னா கன்னு குடிக்கற பால்ல எறங்கிரும். தலையீத்துக் கன்னுக்குத்தான் நெறையப் போகும். அடுத்தடுத்த கன்னுக்குக் கம்மிங்க.”

நான் சின்ன வயசிலிருந்து மாட்டோடு கிடந்தவள். தலையீத்துக் கன்றுக்குச் சீம்பால் ஒரு சொட்டுக் குறையக் கூடாது என்று பார்த்துப் பார்த்துக் குடிக்க விடுவேன். முதல் கன்று தேறினால்தான் அந்த மாடு தேறும் என்பார்கள். தாய் நல்லது கொடுப்பதாக நினைத்துக்கொண்டு இப்படி ஒன்றைக் கொடுக்கிறது என்றால் எனக்கு என்னவோ போல இருந்தது.

“அப்ப உன்ற பாலு?”

“டாக்டர்கிட்டக் கேட்டனுங்க அத்தே. குடுக்கறதுதான் நல்லதுன்னாங்க. எல்லாரு ஒடம்புலயும் துளித்துளி இருக்கத்தான் செய்யுமுங்களாமா. அதுக்காகப் பாலை நிறுத்தக் கூடாதுன்னாங்க. குடுக்கறேன். குடுத்துட்டேதான் இருப்பேன்.”

கொடுத்தாள். ஆனால் அன்று முதல் அவள் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. பால் கொடுக்கும்போது மட்டும் உட்காருவாள். மற்ற நேரமெல்லாம் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு வாசலுக்கும் கொட்டகைக்கும் நடப்பாள். பரணைப் பார்ப்பாள். வாய்க்கால் ஓரம் போய் நிற்பாள். கழுவின பாத்திரத்தை மறுபடியும் கழுவுவாள். சீசாவில் மிச்சமிருந்த எண்ணெயை ஒரு தோழி மூலம் கொச்சிக்கு அனுப்பினாள். அங்கிருந்து போன் வந்தது. அவள் நினைத்தது சரிதான், அந்த மருந்து இருக்கிறது என்றார்கள். போனை வைத்துவிட்டு முந்தானையால் கையைத் துடைத்தாள், துடைத்துக்கொண்டே நின்றாள்.

“சரி, இருக்குது. எடுத்து வீசிரலாம்” என்றேன் நான்.

“எங்கங்க வீசறது?” என்று கேட்டாள்.

நீங்களும் யோசித்துப் பாருங்கள். குழியில் ஊற்றினால் கிணற்றுக்கு வரும். எரித்தால் புகையில் போகும், சும்மா அடுப்பில் எரித்தால் அது இன்னும் மோசம் என்றாள். இப்படிக் கேட்டுக் கேட்டே ரெண்டு வருசம் ஓடிப்போனது. கடைசியில், குப்பைக்காரர்களிடம் கொடுக்கலாம் என்று டின்சியைக் கேட்டாள். டின்சி, நீயே சொல், நீ அன்றைக்கு என்ன சொன்னாய்?

“காலிக் கேன்னா எடுக்கலாம் சேச்சி. உள்ள எண்ணெயோட எடுக்க எனக்கு அனுமதி இல்ல.”

அதைத்தான் சொன்னாள். தப்பில்லை. அவள் வேலைக்கு அவள் பொறுப்பு. அந்த நேரம் பூபதி கைலியைக் கட்டிக்கொண்டு அங்கேதான் நின்றிருந்தான். இதைக் கேட்டுக்கொண்டிருந்தான். இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

அதற்குப் பிறகு கொச்சியிலிருந்து இன்னொரு போன். ஒரு கப்பல் தெற்கே பனிக்கடல் வரைக்கும் போகிறது. போகிற வழியெல்லாம் உயிரோடு இருக்கிற திமிங்கலத்துக்குப் பக்கத்தில் போய், ஊசி மாதிரி ஓர் அம்பு விட்டு, மொச்சைக்கொட்டை அளவு தோலும் கொழுப்பும் எடுப்பார்களாம். எந்தக் கடலில் எவ்வளவு என்று ஒப்பிட்டுப் பார்ப்பதற்கு. அதில் பிரியாவுக்கு ஓர் இடம்.

“அதுக்கு வலிக்காதா?” என்று கேட்டேன்.

“வாலை ஒருக்கா அடிக்குமுங்க. கொசுக் கடிச்ச மாதிரி. அப்பறம் அதும்பாட்டுக்குப் போயிருமுங்க.”

“பனிக்கடல்ல போய் எதுக்குப் பாக்கறது? அங்க கஞ்சிக்கோடா இருக்குது?”

அவள் சிரித்தாள். பல நாள் கழித்துச் சிரித்தாள். “அதுக்குத்தானுங்க பாக்கறது. வடக்கத்திக் கடல்கள்ல கரை முழுக்க ஆலைங்க. அங்க இருக்கற திமிங்கலத்துல நெறைய. பல்லு இருந்து மீனைப் புடிச்சுத் திங்கற ஜாதிக்கு இன்னும் நெறைய. தெக்க, பனியில கம்மி. ஆனா இல்லாம இல்லீங்க அத்தே. ஒரு ஆலை கூட இல்லாத கடல்லயும் இருக்குது. காத்துலயும் தண்ணியிலயும் போயிருக்குது. நடுவுல நம்ம கடல் இருக்குதுல்லங்க, அதைத்தான் யாரும் செரியாப் பாக்கவே இல்ல.”

பேசும்போது கண் எங்கோ இருந்தது. ஆனால் கடைசியில், “நான் போகலைன்னு சொல்லிட்டனுங்க” என்றாள். யாரும் அவளைத் தடுக்கவில்லை. குழந்தைக்காக அவளே வேண்டாம் என்றாள். சொல்லிவிட்டு எழுந்து போய்ச் சாணி அள்ளினாள். அப்போதுதான் நான் அள்ளி முடித்திருந்தேன்.

பூபதிக்கு அவளை அப்படிப் பார்க்க முடியவில்லை. கெட்டவன் இல்லை என் மகன். கேன் பரணில் இருப்பதால்தான் இவள் இப்படி அலைகிறாள், கேன் போனால் இவள் சரியாகிவிடுவாள் என்று நினைத்தான். ஷிப்டு முடிந்து வந்த ஒரு மத்தியானம் பரணில் ஏறி ஒரு கேனை இறக்கினான். நான் மாட்டைத் தண்ணீருக்கு ஓட்டிப் போயிருந்தேன். பிரியா குழந்தையைத் தூங்க வைத்துக்கொண்டிருந்தாள். கொஞ்ச நேரத்தில் வாசலில் வந்து கேனைக் கவிழ்த்து வைத்தான். சுத்தமாகக் கழுவியிருந்தான். உள்ளே பார்த்துக் கூப்பிட்டான்.

“பிரியா, காலி பண்ணிட்டேன். டின்சி வந்தா எடுத்துக் குடுத்தரு.”

“எதைக் காலி பண்ணுனீங்க?”

“அந்த எண்ணெயைத்தான். கொல்லை வாய்க்கால்ல தண்ணி நல்லா ஓடுது. அடிச்சுட்டுப் போயிருச்சு. இன்னொரு கேனையும் நாளைக்கு முடிச்சுரலாம்.”

நான் மாட்டோடு வந்து சேர்ந்தது அந்த நேரம்தான். என் மருமகள் கத்தவில்லை. செருப்புப் போடாமல் வாய்க்காலுக்கு ஓடினாள். அணையிலிருந்து தண்ணீர் விட்டிருந்த சமயம், ரெண்டாம் போக நடவுக்கு. வாய்க்கால் கரை தொட்டு ஓடியது. அவள் கரையில் குந்திக்கொண்டு பார்த்தாள். தண்ணீரில் மேலே எதுவும் தெரியவில்லை. கரைப்புல்லில் மட்டும் ஓர் இடத்தில் மினுமினுப்பு ஒட்டியிருந்தது. மயில்கழுத்து நிறம். அதைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். பூபதி பின்னால் போய் நின்றான். நானும் போனேன்.

“உனக்காகத்தான பண்ணுனேன்” என்றான் அவன்.

“தெரியுமுங்க மாமா.” அவள் சிரித்தாள், அழுகிற மாதிரி. “நான் எந்தக் கடல்ல போய் எதைத் தேடறனோ, அதை நம்ம ஊட்டுக் கொல்லையில இருந்தே அனுப்பி வெச்சுட்டீங்க.”

அவன் முகம் செத்துப் போனது. தண்ணீர் ஓடிக்கொண்டே இருந்தது. மேட்டில் நடவுக்காரிகள் பாட்டும் பேச்சுமாக இருந்தார்கள். பிரியா எழுந்து காலைத் துடைத்துக்கொண்டு சொன்னாள்.

“நான் போறனுங்க மாமா. கப்பலுக்கு. அந்த எடம் இன்னும் காலியாத்தான் இருக்குது. இனி என்னால இங்க உக்காந்துட்டு இருக்க முடியாது.”

“தெரியாம ஊத்துன ஒரு கேனுக்காகவா?”

“உங்க மேல கோவம் இல்லீங்க. நான் எடுத்துச் சொல்லியிருக்கோணும். சொல்லாம நானும்பாட்டுக்கு நடந்துட்டே இருந்தேன்.”

அப்போதுதான் அவன் அந்த வார்த்தையைச் சொன்னான். ஊர் காதில் விழுந்ததும் அதுதான். “போனா அப்படியே போயிரு. திரும்பி இந்த ஊட்டுக்கு வர வேண்டியதில்ல.”

பயத்தில் சொன்னான். எனக்குத் தெரியும். ரெண்டு வயசுக் குழந்தை, வேலைக்குப் போகிற ஆண்பிள்ளை, வயசான தாய். கப்பல் திரும்பி வரும் வரைக்கும் மூன்று மாசம் எப்படித் தள்ளுவது என்ற பயம். ஆனால் பிரியாவுக்கு அது வார்த்தையாகத்தான் விழுந்தது. அன்று முழுக்கத் துணி மடித்தாள். மடித்ததைக் கலைத்தாள். மறுபடியும் மடித்தாள். போனால் வீடும் பிள்ளையும் போய்விடுமோ என்ற பயம் அவள் கையில் தெரிந்தது. போகாமல் இருந்தால் இந்தப் பெண் நடந்து நடந்தே தேய்ந்துபோவாள் என்று எனக்குப் பட்டது. நான் அடுப்படியிலிருந்து கத்தினேன், அவனுக்கும் கேட்கட்டும் என்று.

“டேய் பூபதி! இந்த ஊட்டு ஆதாரப் பத்திரம் யாரு பேர்ல இருக்குது?”

அவன் கட்டிலில் எழுந்து உட்கார்ந்தான்.

“என்ற பேர்ல. வர வேண்டாம்னு சொல்றதுக்கு நீ யாருடா? நீயே இங்க என்னைக் கேட்டுத்தான் குடியிருக்கற.”

அவனுக்குச் சிரிப்பு வந்திருக்க வேண்டும், முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டான். அதற்குப் பிறகும் அவளோடு பேசவில்லை. ஆனால் பரணிலிருந்து மிச்சமிருந்த கேனை இறக்கி, ஒழுகாமல் மூடியை இறுக்கி, ரெண்டு சாக்குப் பையில் போட்டுக் கட்டி வைத்தவன் அவன்தான். இதை மருதாத்தாள் யாரிடமாவது சொன்னாளா? சொல்லமாட்டாள்.

கார்த்திகையில் ஒரு காலை. கொச்சியிலிருந்து ஆராய்ச்சிக் கூடத்து ஜீப் வந்தது. பஸ்ஸிலும் ரயிலிலும் இந்த எண்ணெயைக் கொண்டுபோக விடமாட்டார்கள், அதனால் வண்டியே அனுப்பினார்கள். அங்கே கொண்டுபோய், இதற்கென்றே இருக்கிற உலையில் கொடுத்துவிடுவதாகச் சொன்னார்களாம். வாய்க்கால் பாலம் குறுகலானது, ஜீப் உள்ளே வராது. ரோட்டு முக்கில் நின்றது. ஓட்டுகிற பையன் இறங்கக்கூட இல்லை, போன் பார்த்துக்கொண்டிருந்தான். ஊர் சொல்லும் ஆம்பளை அவன்தான்.

பிரியா தோளில் பையை மாட்டிக்கொண்டாள். குழந்தை என் இடுப்பில் இருந்தது. அதன் கன்னத்தில் முகத்தை வைத்து வெகுநேரம் நின்றாள். குழந்தைக்கு ஒன்றும் புரியவில்லை, தாயின் கம்மலைப் பிடித்து இழுத்தது. பூபதி கட்டிலில் உட்கார்ந்து ஷூ கயிறு கட்டிக்கொண்டிருந்தான். ஒரு ஷூவுக்கு அத்தனை நேரம் கயிறு கட்டிய ஆளை நான் பார்த்ததில்லை.

“போயிட்டு வர்றனுங்க மாமா.”

அவன் நிமிரவில்லை. தலையை மட்டும் அசைத்தான். அதைக் கண்டாளோ என்னவோ.

நான் என் இடுப்புச் சுருக்குப் பையை அவிழ்த்து முன்வாசல் சாவியை எடுத்து அவள் கையில் வைத்தேன். ஒரே சாவிதான் இருந்தது. “அத்தே, நீங்க ஊட்டை எப்படிப் பூட்டுவீங்க?” என்றாள். “பூட்ட மாட்டேன். நீ வந்து பூட்டு” என்றேன்.

கேனைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு வந்தாள். தெருவில் நாலைந்து பேர் நின்றிருந்தார்கள். யாரோ, “எண்ணெயோட வாசல் தாண்டறா, நிக்கச் சொல்லுங்க, யாராச்சும் சுமங்கலி எதிர வரட்டும்” என்றார்கள். நான் வேலிக்கு அந்தப் பக்கம் பார்த்தேன். மருதாத்தாள் கையில் குடத்தோடு நின்றிருந்தாள். மஞ்சள் முகம், நிறைகுடம். நாலடி எடுத்து வைத்திருந்தால் போதும்.

“மருதா, வா சாமி. ஒருக்கா எதிர வந்துட்டுப் போ” என்று நானே கூப்பிட்டேன்.

என்னைப் பார்த்தாள். பிரியாவின் கையைப் பார்த்தாள். திரும்பி உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

பிரியாவுக்குச் சகுனத்தில் நம்பிக்கை கிடையாது. எனக்கு உண்டு. வெறும் தெருவில் அவளை அனுப்ப எனக்கு மனசு வரவில்லை. குழந்தையை இறக்காமலே கிணற்றடிக்குப் போய்ச் சொம்பு நிறையத் தண்ணீர் மொண்டேன். கொல்லைப் பக்கமாகச் சுற்றித் தெருவுக்கு வந்து அவளுக்கு எதிரே நடந்தேன். அவள் நின்றுவிட்டாள்.

“அத்தே, நீங்களா?”

“வேற யாரும் வரல. நாந்தான் இருக்கறேன். நட.”

அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தது. குழந்தை கேனை நோக்கிக் கையை நீட்டியது. “தொடாத தங்கம்!” என்று ரெண்டு பேரும் ஒரே நேரத்தில் கத்தினோம். குழந்தை பயந்து அழுதது. அந்த அழுகையோடுதான் அவள் என்னைத் தாண்டிப் போனாள்.

கேன் உடம்பில் படாமல் கையை விலக்கிப் பிடித்துக்கொண்டே நடந்தாள். அதனால் ஒரு பக்கமாகச் சாய்ந்துதான் நடக்க முடிந்தது. வாய்க்கால் பாலத்தின் நடுவில் ஒரு முறை நின்றாள். திரும்பிப் பார்ப்பாள் என்று நினைத்தேன். இல்லை, குனிந்து தண்ணீரைப் பார்த்தாள். பிறகு கேனை அடுத்த கைக்கு மாற்றிக்கொண்டு, ஜீப்பை நோக்கி நடந்தாள்.